இரும்பு எவ்வளவு

மலைப்பூண்டின் தாள் நுனி மஞ்சளாகத் தொடங்கும் பருவத்தில், மேகம் இறங்காத ஒரு காலை, கூனிப்பாறை ஊருக்குக் கீழே சரிவில் படிப்படியாக வெட்டியிருந்த அழகுமலையின் பூண்டுக்காட்டின் மேல், நட்சத்திரங்களுக்கு நடுவே யாருக்கும் சொந்தமில்லாமல் கிடக்கும் அந்தப் பெருவெளி வந்து இறங்கியது. சத்தமில்லாமல் இறங்கியது. நாய்கூடக் குரைக்கவில்லை. தூக்குவாளியில் கஞ்சியும் கிண்ணத்தில் துவையலுமாக இறங்கி வந்த அவன் மனைவி வேலுத்தாய், கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் வெயில் சுள்ளென்று அடிக்க, அந்தப் பக்கம் கன்னங்கரேலென்று இருட்டிக் கிடக்க, இருட்டுக்குள் கொள்ளை கொள்ளையாய் நட்சத்திரம் பூத்திருக்க, அதற்கு நடுவில் தன் புருசன் குத்தவைத்துக் களை வெட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள்.

"ஏங்க, மேல பாத்தீங்களா" என்றாள்.

"பாத்தேன். குளிருது. கம்பளி இருந்தா எடுத்தா" என்றான் அழகுமலை.

அவள் வேலிக்கு இந்தப் பக்கமே நின்று கஞ்சியை நீட்டினாள். அவன் கையை நீட்டி வாங்கியபோது முழங்கை வரைக்கும் வெயில் பட்டது. அதற்கு மேலே தோளும் முகமும் இருட்டில் இருந்தன. அந்தக் கையைப் பார்த்த மாத்திரத்தில் அவள் வேலியை விட்டு இரண்டு எட்டு பின்னால் போனாள்.

ஊர் வந்து பார்த்தது. முதல் நாள் வேலியோரம் நிற்க இடமில்லை. இரண்டாம் நாள் பாதிக்கூட்டம். மூன்றாம் நாள் உருளைக்கிழங்கு தோண்டுகிற வேலை இருந்ததால் கிழடுகட்டைகள் மட்டும் வந்தார்கள். கிராம நிர்வாக அலுவலர் வந்து, வானத்தில் என்ன நடந்தாலும் தரையில் சர்வே எண் மாறாது என்று சொல்லிவிட்டுப் போனார். கீழேயிருந்து படம் பிடிக்க வந்தவர்களின் கேமராவில் வெறும் வெள்ளைப் புள்ளிகள் மட்டுமே விழுந்தன, அவர்களும் போனார்கள். காளியம்மன் கோயில் பூசாரி ஒரு தேங்காயை வேலிக்குள் உருட்டிவிட்டார். அது உருண்டு போய் நின்றது, அவ்வளவுதான். ஆடுகள் மட்டும் கிட்டேயே வரவில்லை. டீக்கடை மொக்கைச்சாமி தன் பெஞ்சு இரண்டையும் வேலி தெரிகிற பக்கமாகத் திருப்பிப் போட்டான், சனங்கள் டீ குடித்துக்கொண்டே பட்டப்பகலில் நட்சத்திரம் பார்த்தார்கள், பார்த்துக்கொண்டே மாப்பிள்ளை வீட்டுச் சண்டையும் பேசினார்கள். காலையில் துணி காயப்போட வருகிற பெண்கள், "அந்தப் பக்கம் போடாத, காயாது" என்று ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொண்டார்கள். ஒரு பனிக்காலம் வந்து தங்குவதைப் போல அது வந்து தங்கியது.

தங்காதது வேலுத்தாயின் மனசுதான். அழகுமலை விடியக் காட்டுக்குள் போய்ப் பொழுது சாயத்தான் வந்தான். பூண்டுத்தாள் வாடவும் இல்லை, வளரவும் இல்லை, விறைத்துக்கொண்டு நின்றது. "செத்துப் போயிருந்தா விட்டுட்டு வந்திருப்பேன். உசுரோட நிக்கிதே" என்பான். அதற்கு மேல் அவனிடம் பேச முடியாது.

பிறகு ஹெப்சிபா வந்தாள். எதிர்மலை உச்சியில், விண்ணிலிருந்து விழுகிற கதிர்களைப் பிடிப்பதற்கென்று இருந்த ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்ப்பவள்; மார்த்தாண்டத்துக்காரி; முப்பத்தைந்து வயதிருக்கும், குட்டை முடி, ஆண்கள் போடுகிற மாதிரி கனத்த பூட்ஸ். கூனிப்பாறைக்காரர்கள் வாயில் அந்தப் பெயர் நுழையாமல் எப்சியம்மா ஆனது. அவள் ஜீப்பை விட்டு இறங்கி, வேலியைத் தாண்டி, காட்டுக்கு நடுவில் போய் நின்று அண்ணாந்து பார்த்து, அப்படியே பூண்டுப் பாத்தி மேல் உட்கார்ந்துவிட்டாள். பார்த்துக்கொண்டிருந்த வேலுத்தாய்க்குப் பகீரென்றது. உள்ளே போகப் பயந்து வெளியில் நின்றே கூப்பிட்டாள்.

"என்னம்மா செய்யுது. தண்ணி கொண்டாரவா."

"ஒண்ணுமில்லக்கா" என்றாள் ஹெப்சிபா. கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "இங்க வர்றதுக்கு ஒரு கலம் செஞ்சு அனுப்பணும்னு படிக்கிற காலத்துலயிருந்து அலைஞ்சேன். அனுப்பினாலும் அது வந்து சேர்றதுக்குள்ள நான் கிழவியாயிருப்பேன். அனுப்பவே மாட்டோம்னுட்டாங்க. இது ஒங்க பூண்டுக்காட்டுல வந்து கெடக்கு."

அவள்தான் சொன்னாள், அங்கே கூட்டத்திலேயே கொஞ்சம் பெரிதாய் மின்னுகிற நட்சத்திரம் வேறொன்றும் இல்லை, நம் சூரியன்தான் என்று. சூரியன் ஓயாமல் மூச்சு விடுகிறது, அந்த மூச்சுக்காற்று ஊதி ஊதி ஒரு பெரிய குமிழியாய் நிற்கிறது, பூமியும் மற்ற கிரகங்களும் அந்தக் குமிழிக்குள் பத்திரமாய்ச் சுற்றுகின்றன, வெளியிலிருந்து வருகிற கதிர்களில் பாதிக்குமேல் குமிழியின் விளிம்பிலேயே திருப்பி விரட்டப்படுகின்றன. மிச்சத்தைப் பூமியின் காந்தமும் காற்றும் பார்த்துக்கொள்ளும். "ஒங்க காடு மட்டும் குமிழிக்கு வெளிய போயிருச்சு. மூச்சு விடக் காத்து எப்படி இருக்கு, இருக்கிற காத்து ஏன் கதிரைத் தடுக்கல்ல, எனக்குத் தெரியல்ல. அதை அப்புறம் யோசிக்கலாம்." கதிர் என்று பேர்தானாம். ஒளியைப் போல இல்லாமல் தூள் தூளாய் வருமாம்: எப்போதோ வெடித்துச் செத்துப் போன நட்சத்திரங்களின் வயிற்றில் வெந்த ஹைட்ரஜன், ஹீலியம், கார்பன், ஆக்சிஜன், இரும்பு, ஒவ்வொன்றின் உள்கருவும் மேல்தோல் உரிந்து, வெளிச்சத்தின் வேகத்துக்குக் கிட்டத்தட்ட ஓடி, உடம்பானாலும் பாறையானாலும் ஊடுருவிப் போகுமாம். எது எத்தனை என்று பிரித்து எண்ண வேண்டும். அதற்குத்தான் வந்திருக்கிறாள்.

அவள் கொண்டுவந்த பெட்டி ஒரு தகர டிரங்குப்பெட்டி அளவுதான் இருந்தது. உள்ளே அப்பளம் அடுக்கின மாதிரி சிலிக்கான் தகடுகள். ஒரு கரு ஊடுருவிப் போகையில் தகட்டுக்குத் தகடு எவ்வளவு சக்தியை இழக்கிறது என்று பார்த்தால் அது எந்த ஊர்க்காரன், ஹைட்ரஜனா இரும்பா என்று தெரிந்துவிடுமாம். பெட்டியைக் காட்டின் நடுவில் வைத்தாள். அதன் மேல் சதா உறைபனி படிந்தது, படிந்தால் எண்ணிக்கை பிசகும், துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அழகுமலை எப்படியும் அங்கேதானே இருக்கிறான். அவன் தோளில் கிடந்த துண்டால் துடைத்தான். அப்படித்தான் அந்த வேலை அவனுடையதானது.

ஊர் அதையும் உள்வாங்கிக்கொண்டது. ஹெப்சிபா தினம் காலையில் எண்ணிக்கையைச் சொல்ல, மொக்கைச்சாமி தன் கடைப் பலகையில் காரட் விலைக்கும் முட்டைக்கோஸ் விலைக்கும் கீழே சாக்பீஸால் எழுதினான்: ஹைட்ரஜன் இத்தனை, ஹீலியம் இத்தனை, கார்பன் இத்தனை. லித்தியம், பெரிலியம், போரான் என்று மூன்று பேர் வந்தபோது, இவர்கள் எந்த நட்சத்திரத்தில் பிறந்தவர்கள் என்று ஒரு பெரியவர் கேட்டார். எதிலும் அதிகம் பிறக்கவில்லை, பெரிய கருக்கள் வரும் வழியில் மோதி உடைந்த சில்லுகள் அவை, சில்லு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்த்தால் இவை எவ்வளவு காலம் அலைந்தன என்று கணக்கிடலாம், ஒரு ஒன்றரைக் கோடி வருசம் இருக்கும் என்றாள் ஹெப்சிபா. பெரியவர் உச்சுக்கொட்டினார். "பாவம், இம்புட்டுக் காலம் அலைஞ்சு கடைசியில கூனிப்பாறைக்கா வரணும்" என்றார்.

ஆனால் எல்லோருக்கும் வேண்டியது இரும்பு. ஒருநாள் இதில் எது பொல்லாதது என்று யாரோ கேட்க, மறைக்கத் தெரியாத ஹெப்சிபா சொல்லிவிட்டாள்: உடம்புக்குள் போகும்போது லேசான கரு ஊசியால் குத்தினது மாதிரி என்றால் இரும்பு கடப்பாரை, ஒரு இரும்பு செய்கிற சேதம் அறுநூறு எழுநூறு ஹைட்ரஜன் சேர்ந்து செய்வதற்குச் சமம், ஆனால் அது அபூர்வம், ஆயிரக்கணக்கில் ஹைட்ரஜன் வந்தால்தான் ஒன்று வரும், அதனால் சரியாய் எண்ணி முடிக்கப் பெட்டி அசையாமல் வெகுநாள் உட்கார வேண்டும். அன்றிலிருந்து கூனிப்பாறையில் "சாப்பிட்டாச்சா" என்று கேட்பது குறைந்து "இரும்பு எவ்வளவு" என்று கேட்பது வழக்கமானது. பஸ்ஸிலிருந்து இறங்குகிறவன் கேட்டான், குழாயடியில் கேட்டார்கள், துட்டி விசாரிக்கப் போன இழவு வீட்டில் கேட்டார்கள். பலகையில் இரும்புக்கு நேரே மட்டும் "எண்ணிக்கொண்டிருக்கிறது" என்றே எழுதியிருந்தது.

ஒரு மாலை அழகுமலை அடுப்பங்கரையில் உட்கார்ந்து கையைக் காய்ச்சிக்கொண்டே சொன்னான்: "உள்ள இருக்கையில கண்ணை மூடுனா மின்னுது. சுருக்சுருக்குன்னு. நல்லாத்தான் இருக்கு."

வேலுத்தாய் கரண்டியைக் கீழே வைத்தாள். "என்ன மின்னுது."

"என்னமோ. எப்சியம்மாகிட்டக் கேட்டேன். கண்ணுக்குள்ள கதிர் போனா அப்படித்தான் தெரியுமாம்."

அவன் சாப்பிட்டுக் கை கழுவினான். அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அவன் கண்ணுக்குள்ளேயே போகிறது என்றால் நெஞ்சுக்குள் போவதை யார் கண்டது. அதோடு இன்னொரு கவலையும் அவளுக்கு இருந்தது. அவர்களுடைய ஒரே மகள் வளர்மதியைக் கீழே சமவெளியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள், முழுகாமல் இருந்தாள், வளைகாப்புப் போட்டு அழைத்துவர வேண்டிய மாதம் வந்துவிட்டது. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது வழக்கம். வீடோ பூண்டுக்காட்டுக்கு நேர் மேலே, வாசலில் நின்று கல்லெறிந்தால் காட்டில் விழும். அந்த இருட்டு வேலியோடு நிற்கவில்லை என்பதை வேறு அவள் கவனித்திருந்தாள். காலையில் பார்க்கிறபோது வேலிக்கு வெளியே ஒரு முழம் நகர்ந்திருக்கும், மறுவாரம் இன்னொரு முழம். மகளை வரவேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. வா என்று சொல்லவும் வரவில்லை. ஒருமுறை தனக்குக் காய்ச்சல் என்றாள், இன்னொருமுறை ரோடு சரியில்லை என்றாள். சம்பந்தியம்மாள் போனில், "பொண்ணைக் கூப்பிட மனசில்லைன்னா சொல்லிருங்க" என்று வைத்துவிட்டாள். கேட்டுக்கொண்டிருந்த அழகுமலை வெள்ளை வேட்டியை எடுத்துக் கட்டினான். "நான் போய்க் கூட்டியாரேன். பொட்டியை மட்டும் துடைச்சு விடு" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினான்.

அன்றைக்கு ஹெப்சிபாவும் மேலே நிலையத்துக்குப் போயிருந்தாள். உச்சிவெயிலில் வேலுத்தாய் வேலியருகே நின்றாள். அதுவரைக்கும் அவள் ஒருமுறைகூட உள்ளே போனதில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போனாள். ஒரு எட்டில் வெயில் அறுந்தது. குளிர் காதுக்குள் புகுந்தது. காலடியில் மண் சொந்த மண்ணாய்த்தான் இருந்தது. கண்ணை மூடிவிடக் கூடாது என்று இமையை விரித்துக்கொண்டே நடந்து பெட்டிகிட்டே போனாள். அது சின்னப் பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. பூண்டுக்காக வந்தவன் இப்போது இது இருப்பதால்தானே வருகிறான். இதைத் துடைக்கத்தானே நிழலில் நிற்கிற மாதிரி நாள் முழுக்க இதில் நிற்கிறான். அவள் ஒயரைப் பிடுங்கினாள், பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்தாள், வெளியே வந்து வீட்டுக்குப் பின்னால் மாட்டுக் கொட்டத்தில் வைக்கோலை விலக்கி உள்ளே தள்ளி மூடினாள்.

அழகுமலை மகளோடு திரும்ப நாளாயிற்று. மாப்பிள்ளை வீட்டில் விருந்து வைத்து அனுப்பினார்கள். ஹெப்சிபாவுக்கும் மலையில் மழை பிடித்து ஜீப் இறங்கவில்லை. அத்தனை நாளும் பெட்டி வைக்கோலுக்குள் கிடந்தது. வளர்மதி வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்து இறங்கி, கீழே இருட்டைப் பார்த்து, "இதுதானாம்மா அது, அழகா இருக்கே" என்றாள். வேலுத்தாய் அவளை வீட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

அடுத்த நாள் ஹெப்சிபா காட்டுக்குள் போய்விட்டு நேரே வீட்டுக்கு வந்தாள். முகத்தில் இரத்தமே இல்லை.

"பொட்டி எங்கக்கா."

வேலுத்தாய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். மறைக்க வேண்டும் என்று தோன்றவில்லை. "வைக்கலுக்குள்ள இருக்கு" என்றாள்.

ஹெப்சிபா கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். அவள் கல்தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து கையைப் பிசைந்துகொண்டாள். "இத்தனை நாளு எண்ணிக்கை போச்சு. போனது இனி வராது."

"போகட்டும். எனக்கு ஒரு பதில் சொல்லுங்க. எம்புருசனுக்கு ஒண்ணும் ஆகாது, எம்மகளுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நானே கொண்டுபோய் வைக்கிறேன்."

"சொல்ல முடியாதுக்கா. இரும்பை எண்ணி முடிக்கல்ல. எண்ணாம ஆகாதுன்னு சொன்னா அது பொய். ஆகும்னு சொன்னாலும் பொய். ஒங்களுக்கு அந்த ஒரு வார்த்தை வேணும்னாத்தான் பொட்டி அங்க இருக்கணும்."

வேலுத்தாய் வாளியைக் கீழே வைத்தாள். "ஒங்களுக்குப் பயமே இல்லையாம்மா. நீங்களும்தான் உள்ள போறீங்க."

"இருக்கு. எங்கம்மா தெனமும் போன்ல அழுவா. நான் ஒண்ணும் இல்லம்மான்னு சொல்லுவேன். அவகிட்ட நான் சொல்லுகதும் பொய்யா நெசமான்னு எனக்கே தெரியாது."

பிறகு வேலுத்தாய் வைக்கோலை விலக்கி, பெட்டியை எடுத்து, தூசியைத் தட்டி, சும்மாடு வைத்துத் தலையில் ஏற்றினாள். வேலிகிட்டே போனதும் நின்று திரும்பினாள். "வைக்கிறேன். ஆனா ஒரே ஆளு உள்ள கெடக்கக் கூடாது. அவருந்தான், நீங்களுந்தான். ஊருக்குத் தண்ணி முறை இருக்குல்ல, அது மாதிரி இதுக்கும் முறை வையுங்க."

மொக்கைச்சாமிதான் வீடு வீடாய்ப் போய்ச் சொன்னான். முனகினவர்கள் முனகினார்கள், ஆனால் முறை என்று வந்துவிட்டால் கூனிப்பாறையில் அதைத் தட்டுகிற பழக்கம் இல்லை. காலையில் ஒரு வீடு, மதியம் ஒரு வீடு என்று ஆள் மாறி மாறி உள்ளே போய்ப் பனியைத் துடைத்துவிட்டு ஓடிவந்தார்கள். முழுகாமல் இருக்கிறவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் முறை இல்லை. அழகுமலைக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்து, இரண்டு நாள் பேசாமல் இருந்து, பிறகு பூண்டை அப்படியே விட்டுவிட்டுத் தன் முறைக்கு மட்டும் போய் வந்தான். வேலுத்தாயும் தன் முறைக்குப் போனாள். இமையை விரித்துக்கொண்டேதான் போனாள்.

இருட்டு வளர்ந்துகொண்டுதான் இருந்தது. அது வீட்டை நோக்கி ஏறவில்லை, தண்ணீரைப் போலப் பள்ளம் பார்த்து இறங்குகிறது என்று தெரிந்தபோது அவள் முதன்முதலாய் நிம்மதியாக ஒரு மூச்சு விட்டாள். விட்டு முடிப்பதற்குள், சரிவின் அடியில் வளைந்து போகிற தார்ரோடு அவள் நினைவுக்கு வந்தது. கூனிப்பாறைக்கு அது ஒன்றுதான் ரோடு.

ஒரு காலையில் ரோடு இருட்டுக்குள் போயிருந்தது. முதல் பஸ் உள்ளே நுழைந்ததும் அதன் மின்சாதனமெல்லாம் குழம்பி நின்றுபோக, ஆட்கள் இறங்கி வந்த வழியே வெயிலுக்கு ஓடினார்கள். பஸ்ஸைக் கயிறு கட்டிப் பின்னால் இழுக்க வேண்டியதாயிற்று. ஊர் மேட்டில் நின்று பார்த்தது. வேலிக்குள் கிடக்கும்வரை அதைப் பக்கத்து வீட்டுக்காரனாய்ப் பாவித்தவர்கள், தங்கள் ரோட்டின் மேல் அது படுத்துக்கொண்டதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். காட்டு வழியாய்ச் சுற்றிப் போனால் ஒரு பகல் ஆகும்.

அன்றைக்குப் பார்த்துத்தான் வளர்மதிக்கு வலி கண்டது. நாளுக்கு முந்தின வலி. ஊரிலிருந்த நர்ஸ் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, இங்கே வைத்துப் பார்க்க முடியாது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயே தீர வேண்டும் என்றாள். ஆம்புலன்ஸ் வந்தது, இருட்டுக்கு அந்தப் பக்கம் வெயிலில் விளக்கைச் சுழற்றிக்கொண்டு நின்றது. அழகுமலை கம்பில் கம்பளியைக் கட்டி டோலி தயார் பண்ணினான். தூக்க நாலு ஆள் வேண்டும். பெட்டிமுறைக்கு ஓடி ஓடிப் போய்வந்தவர்கள்தான். ஆனால் சுமையோடு மெல்ல நடந்து அந்த அகலத்தையும் கடக்க வேண்டும் என்றதும் ஒருவர் செருப்பைப் பார்த்தார், ஒருவர் இடுப்புவலி என்றார். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. பலகையில் இன்னும் "எண்ணிக்கொண்டிருக்கிறது" என்றுதான் இருந்தது.

வேலுத்தாய் செருப்பில்லாமல் ஓடினாள். ஹெப்சிபா, கோயில் பக்கத்தில் ஊர் அவளுக்கு ஒதுக்கியிருந்த அறையில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தாள்.

"எண்ணினது போதுமா" என்று கேட்டாள் வேலுத்தாய். வேறெதுவும் கேட்கவில்லை.

ஹெப்சிபா திரையைப் பார்த்தாள். பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொண்டாள். அந்த நேரத்துக்குள் வேலுத்தாய் தான் வைக்கோலுக்குள் புதைத்து வைத்த நாட்களை நினைத்தாள், அவை இருந்திருந்தால் இந்தப் பெண் இப்படி யோசிக்க வேண்டியிருக்காதே என்று நினைத்தாள், நினைத்துக்கொண்டே கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னும் எண்ணினா இன்னும் திருத்தமாச் சொல்லலாம். ஆனா இதுக்கு இது போதும்" என்று ஹெப்சிபா எழுந்து, கோயில் மைக்செட் இருந்த மேடைக்குப் போனாள். ஆடிமாதத்தில் அம்மன் பாட்டுப் போடுகிற குழாய்களில் அவள் குரல் மலை முழுக்கக் கேட்டது.

"நான் ஹெப்சிபா பேசுகேன். இரும்பு எவ்வளவுன்னு கேட்டுட்டே இருந்தீங்க. குமிழிக்கு வெளியில எவ்வளவு இருக்கணுமோ அவ்வளவுதான் இங்கயும் இருக்கு, கூடவும் இல்ல, குறையவும் இல்ல. அதுக்குள்ளயே வீடு கட்டி வருசக்கணக்கா இருந்தா ஒடம்பு கெடும், அதை நான் மறைக்கல்ல. ரோட்டைக் கடக்குற நேரத்துக்கு ஒரு எக்ஸ்ரே எடுக்குறதை விடக் கம்மிதான். அழகுமலை அண்ணனுக்கு இதுவரைக்கும் ஆனதும் பயப்படுற அளவுக்கு இல்ல. என் எண்ணிக்கையில தப்பு இருக்கலாம். ரெண்டு மடங்கு தப்பு இருந்தாலும் நடந்து கடக்கலாம். நான் கூட நடக்கேன்."

குழாய் ஓய்ந்தது. மொக்கைச்சாமி பாய்லர் அடுப்பில் தண்ணீரை ஊற்றி அணைத்துவிட்டு வந்து டோலிக்கம்பின் முன்முனையைத் தோளில் வாங்கினான். இடுப்புவலிக்காரரும் வந்தார். இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். அழகுமலை டார்ச்சோடு முன்னால் நடந்தான்.

வெயில் அறுந்து, குளிர் வந்து, தார்ரோடு காலடியில் கண்ணுக்குத் தெரியாமல் போனது. தலைக்கு மேலே மட்டும் இல்லாமல் சரிவுக்கு வெளியே கீழேயும் நட்சத்திரம் இருந்தது போலத் தோன்றியது. தூக்குகிறவர்களின் மூச்சு வெள்ளையாய்ப் போனது. வளர்மதி வலி வரும்போது அம்மா என்றாள். வேலுத்தாய் டோலியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, மகளின் வயிற்றின் மேல் தன் கையை விரித்து வைத்துக்கொண்டு, கிட்டத்தட்டக் குறுக்காகவே நடந்தாள். ஒரு கையகலத்துக்காவது அது தடுக்கட்டும் என்று நினைத்தாள். பக்கத்தில் ஹெப்சிபாவின் பூட்ஸ் சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது. அது மட்டும் வேகம் கூடாமல், குறையாமல் வந்தது. வேலுத்தாய் அந்தச் சத்தத்துக்குத் தன் அடியை ஒத்துப் போட்டாள். எதிரே வெயில் ஒரு மஞ்சள் கோடாய்த் தெரிந்தது, கதவாய் ஆனது, பிறகு எல்லோர் முகத்திலும் ஒரே நேரத்தில் விழுந்தது. ஆம்புலன்ஸ்காரன் பின்கதவைத் திறந்தான்.

ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள். பெண் குழந்தை. வேலுத்தாய் கைவிரலை எண்ணினாள், கால்விரலை எண்ணினாள், காது மடலை விரித்துப் பார்த்தாள், முதுகைத் திருப்பிப் பார்த்தாள், டாக்டர் நல்லாயிருக்கு என்று சொன்ன பிறகும் பார்த்தாள். வராந்தா பெஞ்சில் ஹெப்சிபா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வேலுத்தாய் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எப்சியம்மா. புள்ள மேல இரும்பு பட்டிருக்குமா."

"பட்டிருக்கும்க்கா. நூத்துக்கணக்குல போயிருக்கும். ஒங்க வழியா ஆயிரக்கணக்குல."

வேலுத்தாய் அவள் பக்கம் திரும்பினாள். "இதை ஏன் அங்கயே சொல்லல."

"நீங்க எண்ணினது போதுமான்னு மட்டுந்தான் கேட்டீங்க. இதைக் கேட்டிருந்தா இதையும் சொல்லியிருப்பேன்."

கேட்டிருந்தால் மகளோடு அந்த இருட்டுக்குள் காலை வைத்திருப்பேனா என்று வேலுத்தாய் தன்னையே கேட்டுப் பார்த்தாள். ஹெப்சிபாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

தையல் பிரித்து ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்புகிறவரைக்கும் அந்த வெளி ரோட்டை விட்டு எழுந்து போகவில்லை, மேற்கொண்டு பரவவும் இல்லை. அதற்குள் கூனிப்பாறை அதைக் கடக்கப் பழகியிருந்தது. பஸ் விளிம்பு வரைக்கும் வந்து நிற்கும். சனங்கள் இறங்கி, குல்லாயை இழுத்துவிட்டுக்கொண்டு, மூட்டை முடிச்சோடு விறுவிறுவென்று நடந்து, அந்தப் பக்கம் வெயிலில் ஏறியதும் நின்று வெற்றிலை போட்டுக்கொள்வார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கைகோர்த்துக் கூட்டிப்போக வீட்டுக்கு வீடு முறை வந்திருந்தது.

சம்பந்தியம்மாள் பஸ்ஸில் கூடவே வந்தவள் விளிம்பில் நின்றுவிட்டாள். "பச்சை உடம்போட பச்சைப்புள்ளையை இதுக்குள்ள கொண்டு போறது எனக்குச் சம்மதமில்ல சம்பந்தி. எங்க வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிருறேன்" என்றாள். வளர்மதி தாயைப் பார்த்தாள். "நான் நம்ம வீட்டுக்குத்தான் வருவேன். நீயே தூக்கிக்கம்மா" என்று பிள்ளையை நீட்டினாள்.

எல்லோரும் வேலுத்தாயைப் பார்த்தார்கள். பக்கத்தில் ஹெப்சிபா இல்லை. அவள் மேலே நிலையத்தில் இருந்தாள். வேலுத்தாய் பிள்ளையை வாங்கி நெஞ்சோடு அணைத்தாள். முந்தானையை எடுத்து அதன் தலை, முகம், பிஞ்சுக் கால் எல்லாம் மறைகிற மாதிரி இரண்டு சுற்றுச் சுற்றினாள். பருத்திச் சேலை ஒன்றையும் தடுக்காது என்று அவளுக்குத் தெரியும். மூன்றாவது சுற்றும் சுற்றினாள். "நடந்து கடக்கலாம் சம்பந்தி. நீங்களும் வாங்க" என்று சொல்லிவிட்டு, இருட்டுக்குள் இறங்கி, நிற்காமல், ஓடாமல் நடந்தாள்.